எழுபத்தாறு மார்க்

எங்க ஜில்லாவுல ஒரு பிள்ளைய வழியில பாத்தா "சாப்பிட்டியா"ன்னு கேக்குறதுக்கு முந்தி "எத்தன மார்க்கு"ன்னுதான் கேப்பாங்க. வேற எதுல எங்களுக்குப் பேரு இருக்கோ இல்லையோ, பரீட்சையில பேரு உண்டு. காலையில ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், நடுவுல கெடைச்ச நேரத்துல பள்ளிக்கூடம். அப்படியாப்பட்ட மண்ணுல, ராஜபாளையத்துல, எம் மக பெறந்தா. அவளுக்குப் படிப்பு ஏறல.

ஏறலன்னா சோம்பேறின்னு நெனைச்சிரக் கூடாது. நான் வீட்டுலயே மிசின் போட்டு நைட்டி தைக்கிறவ. வெட்டின துணி மூட்டையா வண்டியில வந்து எறங்கும், தச்சு முடிச்சு அனுப்பணும். நான் மிசினை விட்டு எந்திரிக்கிற வரைக்கும் அவளும் பக்கத்துல புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. தூங்குடின்னாலும் தூங்க மாட்டா. சாயங்காலம் ஒப்பிச்சத மறுநா காலையில கேட்டா எம் மொகத்தப் பாத்து முழிப்பா. எனக்கோ மூக்குக்கு மேல கோவம். "ஏட்டி, நேத்துச் சொன்னியே, எங்க போச்சு?"ம்பேன். "தெரியலம்மா, நேத்து இருந்துச்சு"ம்பா. இதுக்கு மேல அவள என்னன்னு திட்ட?

அவ அப்பா பட்டாளத்துல இருந்தாரு. லீவுல வரும்போதெல்லாம் "வயசுக்கு வந்தா எல்லாம் சரியாயிரும்"பாரு. அவ வயசுக்கும் வந்தா. மூணாம் வாய்ப்பாடு நின்ன எடத்துலயே நின்னுச்சு.

பத்தாங்கிளாஸ் ஆரம்பிச்ச புதுசுல பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சர் வந்தாங்க. இந்த மாதிரிப் பிள்ளைகளப் பாக்குறதுக்குன்னே ஊரூரா வாரவங்க. எம் மகள ஒரு மரத்தடியில உக்கார வச்சு என்னென்னமோ கேட்டுட்டு, என்னையக் கூப்பிட்டு விட்டாங்க. "அக்கா, இவட்ட முயற்சிக்குக் கொறவே இல்ல. அறிவுத்திறன்தான் கொஞ்சம் கம்மி. ஐக்யூன்னு ஒரு கணக்கு இருக்கு. அது எழுபதுக்குக் கீழ வந்தா அரசாங்கத்துல சர்டிபிகேட் தருவாங்க. அது இருந்தா பொதுப் பரீட்சையில கூடுதலா ஒரு மணி நேரம் கெடைக்கும். இவ சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் போடுவாங்க. ஒரு மொழிப் பாடத்த விட்டுரலாம். எம் மனசுக்கு இவளுக்கு அறுபத்தஞ்சு, அறுபத்தாறுதான் வரும்னு படுது. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க முறையா பாப்பாங்க"ன்னாங்க.

அன்னைக்கு அழுதேன். மறைச்சு என்ன ஆகப்போகுது. பெத்த பிள்ளைக்கு அறிவு கம்மின்னு ஒருத்தி மொகத்துக்கு நேரா சொன்னா எவதான் அழமாட்டா. ஆனா மறுநா மிசின்ல உக்காந்தப்ப மனசு லேசாயிருந்துச்சு. அவ மேலயும் தப்பில்ல, எம் மேலயும் தப்பில்ல. ஒரு காகிதம் கெடச்சாப் போதும், பிள்ள பத்தாங்கிளாஸ் பாஸாயிருவா. பத்து பாஸுன்னு ஒண்ணு இல்லாட்டா எங்க பக்கம் ஒரு பொம்பளப் பிள்ளைக்கு வேலையும் கெடையாது, மாப்பிள்ளையும் கெடையாது. அந்தக் காகிதம்தான் அப்ப எனக்கு எல்லாம்.

டெஸ்ட்டுக்கு நாள் குடுத்தாங்க. காலாண்டு லீவு முடியிற சமயம். லீவுக்கு அவ எப்பவும் போல அவ அத்தை வீட்டுக்குப் போனா. இந்த அத்தையப் பத்திச் சொல்லணும். எங்க வீட்டுக்காரரோட அக்கா, எனக்கு மதினி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல மடவார் வளாகத்துல வீடு. அவியளுக்குப் பிள்ள இல்ல. சுத்துவட்டாரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் டியூசன் எடுப்பாங்க. மதினிட்டப் படிச்சு ஒரு பிள்ள பெயிலாச்சுன்னு யாரும் சொன்னதில்ல. களிமண்ணக் குடுத்தாலும் பாஸ் பண்ண வச்சிருவாங்கன்னு பேரு. எம் மக மேல உசுரு. அவளுக்கும் என்னைய விட அத்தைதான் ஒசத்தி.

"மதினி, லீவு முடியிறப்ப பெரியாஸ்பத்திரியில இவளுக்கு ஒரு டெஸ்ட்டு இருக்கு. நான் அங்க வந்து கூட்டிட்டுப் போறேன்"ன்னு போன்ல சொன்னேன்.

"ரத்த டெஸ்ட்டா?"

"இல்ல, அறிவுத்திறன் டெஸ்ட்டு."

அம்புட்டுத்தான் பேச்சு. சர்டிபிகேட்டு வெவகாரத்த நான் சொல்லல. சொன்னா "எங்க வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சர்டிபிகேட்டா"ன்னு பஸ் ஏறி வந்து சண்டை போடுவாங்க. வாங்கின பொறவு பக்குவமாச் சொல்லிக்கிடலாம்னு விட்டுட்டேன். ஆனா டெஸ்ட்டுங்கிற வார்த்தை மதினி காதுல விழுந்துருச்சே. எங்க ஊருப் பக்கம் டெஸ்ட்டுன்னா அதுக்குத் தயார் பண்ணணும். தயார் பண்ணாம ஒரு டெஸ்ட்டுக்குப் போறது குளிக்காம கோயிலுக்குப் போற மாதிரி.

அந்த டீச்சர் மரத்தடியில என்னென்ன கேட்டாங்கன்னு பிள்ளைட்ட ஒண்ணு விடாமக் கேட்டிருக்காங்க மதினி. அவளுக்கு நெனவு இருந்தவரைக்கும் சொல்லியிருக்கா. செவப்பும் வெள்ளையுமா கட்டைகளக் குடுத்து, படத்துல உள்ளபடி அடுக்கச் சொன்னாங்களாம். மதினி ஆசாரிட்டப் போயி அளவாக் கட்டை அறுத்து வாங்கி, பெயிண்டு அடிச்சு வச்சுட்டாங்க. நம்பர் சொல்லி, அதப் பின்னாலருந்து திருப்பிச் சொல்லச் சொன்னாங்களாம். டியூசன் பிள்ளைக முறை வச்சு நம்பர் சொல்ல, எம் மக திருப்பிச் சொல்லணும். கத்தரிக்கோலும் அருவாளும் எதுல ஒண்ணு, ஆடும் கோழியும் எதுல ஒண்ணுன்னு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலயும் கேள்வி. புரட்டாசிச் சனிக்கிழமை ஊருக்கு மேற்க இருக்குற எங்க பக்கத்துத் திருவண்ணாமலைக்கு, அங்க மலை மேல இருக்குறது பெருமாளு, கூட்டிட்டுப் போயிருக்காங்க. மேல ஏறுற சனமெல்லாம் கோவிந்தா போட்டுட்டு ஏற, இவ மட்டும் "ஒம்பது, நாலு, ரெண்டு"ன்னு நம்பரைத் திருப்பிச் சொல்லிக்கிட்டே ஏறியிருக்கா. இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும்.

டெஸ்ட்டு அன்னைக்குப் போனேன். தலைக்கு எண்ணெ வச்சு, ரெட்டைச் சடை போட்டு, நெத்தியில திருநீறு பூசி, பிள்ளையப் பொதுப் பரீட்சைக்கு அனுப்புற மாதிரி அனுப்பி வச்சாங்க மதினி. பேனா வேற ரெண்டு. "அங்க பேனாவுக்கு வேலை இல்ல மதினி"ன்னேன். "இருக்கட்டும்ட்டி"ன்னாங்க.

ஆஸ்பத்திரியில சின்ன வயசு மேடம் ஒருத்தங்க அவள உள்ள கூட்டிட்டுப் போனாங்க. நான் வெளிய பெஞ்சில உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் ஆச்சு. வெளிய வந்தவ மொகத்தப் பாக்கணுமே. பெறந்ததுலருந்து ஒரு பரீட்சையில இருந்தும் அவ அப்படிச் சிரிச்சிக்கிட்டு வந்தது கெடையாது. "அம்மா, பாதிக்கு மேல அத்தை கேட்ட மாதிரியேதாம்மா கேட்டாங்க. கட்டைய டக்கு டக்குன்னு வச்சேன்"ன்னா.

"அத்தை எதுக்குட்டி கட்டை வச்சாங்க?"ன்னு கேக்குறதுக்குள்ள மேடம் என்னைய உள்ள கூப்பிட்டாங்க. "எழுபத்தாறு வருதும்மா. கொஞ்சம் மெதுவாக் கத்துக்கிற பிள்ளதான். ஆனா சர்டிபிகேட் குடுக்குற அளவுக்குக் கொறவில்ல. நல்ல செய்திதானே?"ன்னாங்க. நல்ல செய்திதான்னு தலைய ஆட்டினேன். வேற எப்படி ஆட்ட. பெத்த பிள்ளைக்கு அறிவு கூட இருக்குன்னு ஒரு டாக்டர் சொல்ல, இல்லங்க, கொறச்சுப் போடுங்கன்னு கேக்குற தாய் எங்கயாவது உண்டுமா. இருந்தாலும் வாய் நிக்கல. இவ அத்தை இதே மாதிரி வீட்டுல சொல்லிக் குடுத்திருக்காங்க போலன்னு சொன்னேன். அவங்களுக்கு மொதல்ல வெளங்கல. வெளங்கினதும் பேனாவக் கீழ வச்சுட்டாங்க. "இதுக்குக்கூடவா டியூசன் வைப்பீங்க?"ன்னாங்க. அப்படிப் பழகிட்டு வந்தா உள்ளது உள்ளபடி தெரியாது, இப்ப ஒண்ணும் பண்றதுக்கில்ல, இது மறக்குற அளவுக்கு நாள் போகட்டும், பொறவு வாங்கன்னு அனுப்பிச்சுட்டாங்க. பரீட்சை மார்ச்சில. யாருக்காகவும் அது நிக்காது.

மடவார் வளாகத்துக்குத் திரும்புறப்ப எத்தன மார்க்குன்னு எம் மக கேட்டா, எழுபத்தாறுன்னு மட்டும் சொன்னேன். எம் மக ஆட்டோவுலருந்து எறங்கினதும் ஓடிப்போயி "அத்தை, எழுபத்தாறு"ன்னா. டியூசன் பிள்ளைக எல்லாம் கை தட்டுதுக. பாஸ் மார்க்கே வாங்காத அக்கா எழுபத்தாறு வாங்கிட்டான்னு அதுகளுக்கும் சந்தோசம். மதினி கண்ணுல தண்ணி. ஒரு பிள்ளைய அனுப்பி பால்கோவா வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க. நான் மதினிய அடுப்படிக்குள்ள இழுத்துட்டுப் போனேன்.

"மதினி, அது நூத்துக்கு எழுபத்தாறு இல்ல."

"பின்ன எத்தனைக்கு?"

"எத்தனைக்கும் இல்ல. நூறுன்னா சாதாரண ஆளு. நீங்க, நானு, பஸ் கண்டக்டரு, எல்லாரும் நூறை ஒட்டித்தான் வருவோம்."

"அப்ப நூத்துக்கு மேலயும் வாங்கலாமா?"

"வாங்கலாம்."

"இது என்னட்டி பரீட்சை, நூத்துக்கு மேல மார்க்கு போடுறது?"

எனக்கு வந்த கோவத்துல எல்லாத்தையும் கொட்டினேன். எழுபதுக்குக் கீழ வந்திருந்தா சர்டிபிகேட்டு, சர்டிபிகேட்டு இருந்தா பத்தாங்கிளாஸ் பாஸு, நீங்க கட்டை அறுத்ததுல அம்புட்டும் போச்சுன்னேன். மதினி அப்படியே அரிசி டின்னு மேல உக்காந்துட்டாங்க. "அப்ப பெயிலானாத்தான் பாஸா?"ன்னாங்க. ஆமான்னேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லட்டி"ன்னாங்க. "நீங்க என்னைக்கு எம் பேச்சைக் கேட்டீங்க?"ன்னேன். ரெண்டு பேரும் அவங்கவங்க பங்குக்கு இன்னும் கொஞ்சம் பேசினோம். அதையெல்லாம் இங்க எழுத வேண்டாம்.

அப்ப எம் மக பால்கோவா எலைய ஏந்திக்கிட்டு உள்ள வந்தா. பிள்ளைகளோட கூச்சல்ல நாங்க பேசினது ஒண்ணும் அவ காதுல விழல. ஒரு விள்ளல் எடுத்து மொதல்ல அத்தை வாயில வச்சா. மதினி வாயத் தொறந்து வாங்கிக்கிட்டாங்க. அடுத்து எனக்கு. நானும் வாங்கிக்கிட்டேன். அவட்ட உண்மையச் சொல்ல எங்க ரெண்டு பேருக்கும் வாய் வரல. அதுக்குப் பொறவும் வரல.

ராஜபாளையத்துல எங்க தெருவுக்குச் செய்தி எங்களுக்கு முந்தி வந்துருச்சு. மதினி சந்தோசத்துல நாங்க ஆட்டோவ விட்டு எறங்கினதுமே எதிர்வீட்டுக்குப் போன் போட்டிருக்காங்க. எதிர்வீட்டம்மா தெலுங்கு பேசுறவங்க. எம் மகள எப்பவும் அம்மாயின்னுதான், அவங்க பாஷையில பொண்ணுன்னு, கூப்பிடுவாங்க. "அம்மாயி, எழுபத்தாறாமே! எங்க வீட்டுப் பேரன் அம்புட்டு டியூசன் போயும் அறுபதத் தாண்டலயே"ன்னு கன்னத்தத் தடவினாங்க. ஆஸ்பத்திரியில என்ன பரீட்சை, எதுக்குப் பரீட்சைன்னு ஒருத்தரும் கேக்கல. மார்க்குன்னு ஒண்ணு கையில கெடச்சுட்டா எங்க சனம் வேற எதையும் கேக்காது. எதுலயும் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காதவ நான். அன்னைக்கு வாய மூடிக்கிட்டு எல்லாருக்கும் தலைய ஆட்டினேன். எங்க வீட்டுக்காரரு பார்டர்லருந்து போன் பண்ணப்ப வெவரத்தச் சொன்னேன். "அவளுக்குத் தெரிய வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கெடச்சிருக்கு, வச்சுக்கிடட்டும்"ன்னாரு.

பொதுப் பரீட்சை வந்துச்சு. எல்லாப் பிள்ளைகளோடயும் உக்காந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் குடுத்த அதே நேரத்துல எழுதினா. கணக்கும் அறிவியலும் போச்சு. மறு தேர்வு எழுதி அறிவியலத் தேத்திட்டா. கணக்கு திரும்பத் திரும்ப எழுதியும் வரல. ஒவ்வொரு தடவையும் மதினி பஸ் ஏறி வந்து எங்க வீட்டுலயே தங்கிச் சொல்லிக் குடுத்தாங்க. மதினி கைக்கு வராத ஒரே பிள்ள எம் மகதான். கடைசியில ஒரு நா "போதும்மா. எனக்குக் கை வலிக்கல, மனசு வலிக்குது"ன்னா. விட்டுட்டோம்.

வேலைக்கு அனுப்பினேன். பேண்டேஜ் துணி பேக்கிங்ல சேத்துவிட்டேன். எண்ணிக் கட்டுற வேலை. எண்ணிக்கிட்டு இருக்கும்போது யாராவது பேசினா விட்ட எடம் மறந்துரும், மொதல்லருந்து எண்ணுவா. சூப்பர்வைசர் நல்ல மனுசன், கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தாரு, பொறவு வேண்டாம்னுட்டாரு. நான் போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வந்தேன். அவரு பக்கம் நியாயம் இருந்துச்சு, இருந்தும் கேட்டேன்.

பொறவுதான் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்துல வேன் ஆயாவாச் சேந்தா. காலையில பிள்ளைகள வீடு வீடா ஏத்திக்கிட்டு வரணும், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோயி ஒப்படைக்கணும். இந்த வேலை அவளுக்குப் பிடிச்சுச்சு. எந்தப் பிள்ளைக்கு வேன்ல வாந்தி வரும், எது அழுதா தண்ணி குடுக்கணும், எது அழுதா சும்மா விட்டுரணும், எல்லாம் தெரியும். இதுல மட்டும் மறதி கெடையாது. ஏன்னு எனக்குத் தெரியல. அதே சமயம் ஒரு நா ரோட்டுல வேலை நடக்குதுன்னு டிரைவர் வேற வழியாப் போக, எந்த வீடு முன்னால எது பின்னாலன்னு குழம்பி இவ அழுதிருக்கா. யூகேஜி படிக்கிற வாண்டுக "அக்கா அழாத, எங்க வீடு இந்தா இருக்கு"ன்னு கைகாட்டிக்கிட்டே வந்திருக்குதுக. பெரிய கெட்டிக்காரின்னு சொல்லிக் கதை கட்ட எனக்கு ஆசை இல்ல. உள்ளது இதுதான்.

அந்த வேன்லதான் தாய்மாமன் சண்டை நடந்துச்சு. ஒரு சாயங்காலம் ஒரு பையன எறக்கிவிடப் போனா வாசல்ல அம்மா இல்ல. ஒரு ஆளு நின்னுக்கிட்டு "பிள்ளைய எங்கிட்டக் குடு, நான் மாமன்"னிருக்காரு. பையனும் மாமா மாமான்னு தாவுதான். இவ குடுக்கல. அம்மாவும் தாத்தாவும் வந்தாக் குடுக்கணும்னுதான் ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க, மாமான்னு சொல்லலன்னுட்டா. எங்க பக்கம் தாய்மாமன்னா சும்மாவா. காது குத்துறதுக்கும் மொட்டை போடுறதுக்கும் அவர் மடிதான். "எம் மடியில உக்கார வச்சு மொட்டை எடுத்த பிள்ள இது, எனக்கே தர மாட்டியா நீ"ன்னு தெருவே கூடுற அளவுக்குச் சத்தம் போட்டிருக்காரு. டிரைவர் சொல்லியும் இவ கேக்கல. பையன இடுப்புல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வேனுக்குள்ள உக்காந்துட்டா. கடைக்குப் போன அம்மா வார வரைக்கும் வேன் நகரல. மிச்சப் பிள்ளைக வீட்டுலருந்தெல்லாம் ஸ்கூலுக்குப் போன் மேல போன்.

மறுநா தலைமையாசிரியை அம்மா என்னையக் கூப்பிட்டு விட்டாங்க. "கொஞ்சம் சூட்டிகையான பிள்ளையா இருந்தா, பையன் தாவுறதப் பாத்தே குடுத்திருப்பா. இவளுக்குச் சமயோசிதம் பத்தல"ன்னாங்க. சரிதான்னேன். அந்தப் பையன் வீட்டார் அவன வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. ஆனா அந்த வாரமே ரெண்டு மூணு தாய்மாரு வந்து, எங்க பிள்ளைய அந்த ஆயா போற வேன்லயே போடுங்கன்னு கேட்டாங்களாம். ரெண்டும் ஒரே ஆபீஸ் ரூமுல நடந்துச்சு.

நான் மிசின் ஓட்டுறப்ப இதப் பத்தி ரொம்ப யோசிச்சிருக்கேன். அந்த டெஸ்ட்டு பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லுறவங்க சொல்லட்டும், அவங்க வீட்டுல இப்படி ஒரு பிள்ள இருக்காது. கணக்கு வராதுன்னு அது சொல்லுச்சு, வரல. வழி மாறினா குழம்புவான்னு சொல்லுச்சு, குழம்பினா. ஆனா ஒரு பிள்ளைய நம்பி இன்னொருத்தர் பிள்ளையக் குடுக்கலாமான்னு அதுல கேள்வியே கெடையாது. கேக்காத கேள்விக்கு எப்படி மார்க்கு போடும். அதுக்காக எனக்கு ராத்திரி நிம்மதியாத் தூக்கம் வந்துச்சான்னா, அதுவும் இல்ல. அவரு பட்டாளத்துலருந்து பென்சன் வாங்கி வந்துட்டாரு, சுகர் வந்து ஒடம்பு தளந்துட்டாரு. எனக்குக் கண்ணு ஊசித் தொளைய எட்டி எட்டிப் பாக்குது. எங்களுக்குப் பொறவு இவளுக்கு யாரு? தனியார் பள்ளிக்கூட வேலை இன்னைக்கு இருக்கும், நாளைக்கு வேன விக்கிறோம்னா போச்சு. அந்தப் பயம் மட்டும் நெஞ்சுல கல்லு மாதிரி கெடந்துச்சு.

அப்பதான் பழைய டீச்சர, அந்த மரத்தடி டீச்சர, பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். அரசாங்கத்துல ஆபீஸ் உதவியாளர் வேலைக்கு இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு எடம் ஒதுக்கியிருக்காங்க, அதுக்கு எட்டாங்கிளாஸ் போதும், சர்டிபிகேட்டு மட்டும் இருந்தா எழுதிப் போடலாம், திரும்ப ஒரு தடவ டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வருசம் எம்புட்டோ ஆச்சு, அந்தப் பழக்கமெல்லாம் இப்ப இருக்காதுன்னாங்க.

வீட்டுக்கு வந்து அவரும் நானும் பேசினோம். மதினிக்கும் சொன்னேன். மதினி இந்தத் தடவ "நான் அந்தப் பக்கமே வரல, தாயே"ன்னுட்டாங்க. அவட்ட எப்படிச் சொல்ல, அதுதான் பிரச்சனை. தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லிரு மகளேன்னு சொல்லலாம்னா, ஏன்னு கேப்பா. ஏன்னா எழுபத்தாறு ஒசத்தி இல்ல, நீ அதுக்கும் கீழ வாங்கணும்னு சொல்லணும். இத்தன வருசத்துல புதுசா யாரு வந்தாலும் பேச்சோட பேச்சா "எனக்கு ஒரு டெஸ்ட்டுல எழுபத்தாறு"ன்னு சொல்லுறவ அவ. வேன் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நான் ரெண்டு மூணு தடவ பேச்சை எடுத்து எடுத்து முழுங்கிட்டேன். கடைசியில "அந்த டெஸ்ட்டத் திரும்ப வைக்காங்களாம், வேலைக்கு. தெரிஞ்சதச் சொல்லு, தெரியாததுக்குத் தெரியாதுன்னு சொல்லு"ன்னு மட்டும் சொன்னேன். "அப்படின்னா அத்தைட்டப் போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துரட்டா?"ன்னா. வேண்டாம், நேரமில்லன்னேன்.

இந்தத் தடவ வயசான சார் ஒருத்தர். அவளும் அன்னைக்கு மாதிரியே திருநீறு பூசிக்கிட்டு உள்ள போனா. நான் வெளிய பெஞ்சில உக்காந்து சாமி கும்பிட்டேன். எம் பிள்ளைக்குக் கொறச்சுப் போடு பெருமாளேன்னு கும்பிட்டேன். வெளிய வந்தவ சிரிக்கல. சார் எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சாரு. "அறுபத்தெட்டும்மா. மெடிக்கல் போர்டுக்கு எழுதிக் குடுக்கேன், சர்டிபிகேட்டு கெடச்சிரும்"ன்னாரு. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். எனக்கு வந்த சந்தோசத்த மறைக்க மாட்டேன். அந்தக் கல்லு நெஞ்சுலருந்து எறங்கின மாதிரிதான் இருந்துச்சு.

"போன தடவ எழுபத்தாறு சார்"ன்னு எம் மக சொன்னா.

"பரவாயில்லம்மா, இதுவே போதும்"னாரு சார்.

பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்தா. அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு வந்தா. சர்டிபிகேட்டு வந்தா வேலைக்கு எழுதிப் போடலாம்ட்டி, நெரந்தரமான வேலைன்னு நான் என்னென்னமோ சொல்லிக்கிட்டு வாரேன். எல்லாத்துக்கும் உம் கொட்டினா. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வாரப்ப எம் பக்கம் திரும்பினா. "எட்டு மார்க்கு கொறஞ்சிருச்சும்மா. அத்தைட்டச் சொல்லிராத. பாவம், எனக்கு அம்புட்டுக் கஷ்டப்பட்டுச் சொல்லிக் குடுத்தாங்க"ன்னா. கண்ணு நெறஞ்சிருந்துச்சு. சொல்லல தாயின்னேன்.

சாயங்காலம் மதினி போன் வந்துச்சு. "கெடச்சிருச்சா?"ன்னாங்க. கெடச்ச மாதிரிதான் மதினின்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு விடுறது கேட்டுச்சு. ஆனா எங்க ஜில்லாக்காரிக்கு அதோட போன வைக்க முடியுமா. "எத்தன வந்துச்சு?"ன்னாங்க. எதுக்க எம் மக நைட்டிக்குப் பொத்தான் காஜா எடுக்குறத நிறுத்திட்டு எம் வாயப் பாக்குதா. "பழைய மாதிரிதான்"ன்னு மெள்ள இழுத்தேன். அவ கைய நீட்டி போன வாங்கிட்டா.

"அத்தை, அறுபத்தெட்டுதான். நல்லாத்தான் யோசிச்சேன் அத்தை, பாதி மறந்துபோச்சு"ன்னா. சொல்லிட்டு அழுதா.

அந்தப் பக்கம் மதினி என்னமோ சொன்னாங்க, எனக்குக் கேக்கல. எம் மக கேட்டுக்கிட்டே மூக்கத் தொடச்சா. சரி அத்தை, சரி அத்தைன்னா. போன வச்சுட்டு எம் பக்கம் திரும்பினப்ப மொகம் தெளிஞ்சிருந்துச்சு.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுதாங்கம்மா. மொதல்லருந்து திரும்பச் சொல்லித் தாராங்களாம். அடுத்த தடவ எழுபத்தாறுக்கு மேலயே வாங்கிரலாமாம். போயிட்டு வரட்டா?"

அடுத்த தடவன்னு ஒண்ணு இல்லன்னு மதினிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போயிட்டு வான்னேன்.